வேர்க்கடலைக்கு நான் ஏசி போட்ட விவரம்

வடக்குப்பட்டு,
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை காலை

மதிப்பும் பாசமும் மிகுந்த சம்பந்தி சண்முகசுந்தரம் அவர்களுக்கு,

ஏகாம்பரநாதன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம், என் சம்சாரம் ரத்னா சுகம், உங்கள் மருமகப்பிள்ளை விமல் சுகம். அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மாளும், தங்கள் தோட்டமும், மாடு கன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று காஞ்சிபுரத்தில் குடியிருக்கிற அம்மனை தினமும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் மகள் காவேரியும் சுகம். ரொம்பவே சுகம். அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்பதை மட்டும் சற்றுப் பின்னால் எழுதுகிறேன். அதற்குள் பதறிப்போய் சங்கரன்கோவிலில் பஸ் ஏறிவிடாதீர்கள். முழுதும் படித்துவிட்டு ஏறுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். போனில் நான் என்ன சொன்னாலும் நீங்கள் "ம்" என்று மட்டும் சொல்வீர்கள். அந்த "ம்" கோபமா, வருத்தமா, அல்லது நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறீர்களா என்பது எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை. ஆகவே கடிதம்.

விஷயம், தாங்கள் கொடுத்தனுப்பிய விதைக்கடலையைப் பற்றியது. நான் ரிட்டயர் ஆன கையோடு, சும்மா கிடக்கிற நிலத்தில் வேர்க்கடலை போடப் போகிறேன் என்று சொன்னபோது இந்த வீட்டில் யாரும் எழுந்து நின்று கை தட்டவில்லை. எங்கள் நிலம் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று நீங்களே பார்த்தீர்கள். மூன்று பக்கம் கம்பெனிச் சுவர், ஒரு பக்கம் ரோடு, ரோட்டில் கண்டெய்னர் லாரி. விமல் சொன்னான், "அப்பா, ஒரு போகம் பண்ணிப் பாருங்க. சரிப்படலன்னா லாரி நிறுத்த வுட்டுடலாம். கேட்டுக்கினு ஒருத்தர் ரெடியா கீறாரு" என்று. காவேரிதான் எனக்காகப் பேசினாள். "எங்க அப்பா கொடுத்த வெத மாமா, அது பொய் சொல்லாது. நீங்க போடுங்க" என்றாள். நானும் மார்கழியில் விதைத்தேன். வாழ்க்கை முழுக்க பெயிண்ட் ஷாப்பில், மூக்கை மூடிய மாஸ்க்கோடு நின்றவன் நான். மண் வாசனை என்று பிறர் சொல்லித்தான் கேள்வி. முதல் மஞ்சள் பூ வந்த அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்தேன் பாருங்கள், எனக்கு யாரும் ஷிப்ட் போடாத ஒரே இடம் உலகத்தில் இதுதான் என்று தோன்றிவிட்டது. அதுதான் தப்பாய்ப் போச்சு. மனசு வைத்துவிட்டேன்.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் ஒரு இலையில் ஒரு புள்ளி பார்த்தேன். மிளகு அளவுதான் இருக்கும். கருப்பு, சுற்றிலும் மஞ்சள் வளையம். வேறு யாராவது இருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு முடியவில்லை சம்பந்தி. எங்க பெயிண்ட் ஷாப்ல ஒரு கார் கதவுல இந்த மாதிரி ஒரு புள்ளி வந்தா, சிவப்பு பட்டனை அமுக்கி லைனை நிறுத்துவேன், சூப்பர்வைசர்லேருந்து மேனேஜர் வரைக்கும் வந்து நின்னு பாப்பாங்க, காரணம் தெரியாம லைன் நகராது. வயல்ல எந்த பட்டனை அமுக்கறது? செடி பாட்டுக்கு வளருது, புள்ளியும் பாட்டுக்கு வளருது. ரத்னாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அவ குனிஞ்சு பார்த்துட்டு, "இதெல்லாம் சூடுங்க. பாவம், நாள் பூரா வெயில்ல நிக்குது. நமக்கு வேர்க்குரு வர்றாப்பல அதுக்கு வந்துகீது. குளுமையா இன்னாவது பண்ணுங்க" அப்டின்னா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. ஏன்னா பெயிண்ட்ல குமிழ் வந்தாலும் முதல்ல சந்தேகப்படறது பெயிண்ட்டைச் சுட்டுக் காய வெக்கற ஓவன் சூட்டைத்தான்.

ஆனா நான் எதையும் அளந்து பாக்காம பண்றவன் இல்ல. கொரோனா டயத்துல கம்பெனி கேட்ல எல்லார் நெத்தியிலயும் வெச்சுப் பாத்தாங்களே, காய்ச்சல் துப்பாக்கி, அது ஒண்ணு வூட்டுல சும்மா கெடந்துது. அதை எடுத்துக்கினு விடியகாலைல போய் ஒரு இலை மேல வெச்சேன். "லோ"ன்னு காட்டுச்சு. அடுத்த செடி, "லோ". நாலாவது பாத்தி வரைக்கும் "லோ"தான். ரத்னா பின்னாடியே வந்தவ, "லோன்னா இன்னா?"ன்னா. உடம்பு சூடு ரொம்பக் கம்மின்னு அர்த்தம்னேன். அவ்ளோதான், முந்தானைய வாய்ல வெச்சுக்கினா. "போயிடுச்சுங்க. உடம்பு சில்லுன்னு ஆயிட்டா அப்புறம் இன்னா கீது!" அப்டின்னு அழறா. அப்புறம் மத்தியானம் போய் வெச்சுப் பார்த்தா அதே துப்பாக்கி செகப்பு லைட் போட்டு கூவுது. காய்ச்சல்! காலைல சவமா இருந்தது மத்தியானம் காய்ச்சல்ல கெடக்குது. அந்த மிஷின் மனுஷன் உடம்புக்கு மட்டும் செஞ்சதுன்னு எனக்கு அப்ப தோணலை. எனக்குத் தோணினதெல்லாம், சம்பந்தி கொடுத்த விதை என் கையில காய்ச்சல்ல சாகுது, நான் பாத்துக்கினு நிக்கறேன்னுதான்.

அன்னிக்கே தெளிப்பான் மாட்டினேன். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மோட்டாரைப் போட்டுடுவேன். மழை மாதிரி இலை இலையா தண்ணி விழும். செடியெல்லாம் குளிச்சிட்டுத் தூங்கும், நானும் நிம்மதியாத் தூங்குவேன். காலைல போனா இலையெல்லாம் ஈரம் சொட்ட நிக்கும். பார்க்கறதுக்குக் கண்ணுக்கு அவ்வளவு இதமா இருக்கும். அந்த இதத்துலதான் புள்ளி ஒண்ணு நாலாச்சு, நாலு எண்ண முடியாததாச்சு. கீழ் இலையெல்லாம் மஞ்சளாயி கொட்ட ஆரம்பிச்சுது. ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தா அடியில செங்கல் பொடி மாதிரி என்னமோ ஒட்டிக்கினு கீது. விரல்ல தடவினா வருது. சம்பந்தி, நான் பொய் சொல்ல மாட்டேன், அங்கயே உட்கார்ந்துட்டேன். ஏன்னா அது என்னன்னு எனக்குத் தெரியும். துரு. வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து நான் துருவோட சண்டை போட்டவன். இரும்புல வந்துது, சரி. இலையில கூடவா துரு புடிக்கும்?

ஒரு பை நிறைய இலையைப் பறிச்சுக்கினு வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். அங்க ஷாரோன் மேடம்னு ஒருத்தர். நம்ம காவேரி வயசுதான் இருக்கும். இலையை வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தாங்க, திருப்பிப் பார்த்தாங்க. "புள்ளி டிக்கா நோய் சார், அடியில இருக்கறது துரு நோய். பேருதான் துரு. ரெண்டுமே பூஞ்சைதான்"னாங்க. தண்ணி எப்படிப் பாய்ச்சறீங்கன்னு கேட்டாங்க. நான் பெருமையா எல்லாத்தையும் சொன்னேன்.

"சாயங்காலம் எதுக்கு சார் இலை மேல தண்ணி?"

"சூடு தணியத்தான் மேடம்."

பேனாவை மேசை மேல வெச்சுட்டாங்க. "சார், செடிக்கு வெயில் ஒண்ணும் பண்ணலை. இந்தப் பூஞ்சைக்குப் புடிச்சது இருபத்தஞ்சுலேருந்து முப்பது டிகிரி. அதோட இலை ராத்திரி பூரா ஈரமா இருக்கணும். ஈரம் காயறதுக்குள்ள அது இலைக்குள்ள நுழைஞ்சுடும். பகல்ல முப்பத்தஞ்சைத் தாண்டி, இலையும் காஞ்சு கிடந்தா அதால ஒண்ணும் பண்ண முடியாம சோர்ந்து போயிடும். நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னா, அதுக்கு தினமும் சாயங்காலம் ஏசி போட்டு, ஈரத்துணி போர்த்தி, தாலாட்டுப் பாடித் தூங்க வெச்சிருக்கீங்க."

சம்பந்தி, அந்த ஆபீஸ்ல ஃபேன் ஓடிக்கினு இருந்துது, எனக்கு வேர்த்து ஊத்துச்சு. அந்தப் பொண்ணு அப்புறம் பொறுமையா நெறைய சொல்லிச்சு. தெளிப்பானைக் கழட்டுங்க, காலைல வாய்க்கால்ல மட்டும் தண்ணி விடுங்க, கொட்டின இலையை வாரி வெளிய போடுங்க, இந்த மருந்தை அடிங்கன்னு. என் காதுல விழுந்தது ஒண்ணே ஒண்ணுதான். முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சைத் தாண்டணும். மருந்து டப்பாவை வாங்கிட்டு வந்து படிச்சா, கடும் வெயிலில் தெளிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. வெயில்தான் வேணும்னு சொன்னவங்க குடுத்த மருந்தை வெயில்ல அடிக்கக் கூடாதுன்னா நான் யாரை நம்பறது? தெளிப்பானை மட்டும் கழட்டிட்டு, டப்பாவை பரண்ல வெச்சுட்டேன்.

சூடு ஏத்தறது எனக்குத் தெரியாத வேலையா? பெயிண்ட் அடிச்ச கதவை ஓவன்ல விட்டுச் சுட்டு எடுக்கறதுதானே என் பொழப்பு. முதல்ல ஒரு பாத்திக்கு மட்டும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினேன். உள்ள சூடு ஏறுச்சு, வாஸ்தவம். ஆனா ஷீட்டுக்கு அடியில வேர்த்து, அந்தத் தண்ணி சொட்டுச் சொட்டா இலை மேலயே விழுந்து, ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சா ஒரே நாத்தம். ரத்னா மூக்கைப் பொத்திக்கினு, "இட்லி வெந்துடுச்சா?"ன்னு கேட்டா. அவ மேல கோவப்படறதுக்குக்கூட எனக்குத் தெம்பு இல்ல. சோறு இறங்கலை. விமல் மூஞ்சியப் பார்க்க பயம். அவன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வயலை ஒரு பார்வை பார்ப்பான். அப்புறம் போன்ல யார்கிட்டயோ மெதுவாப் பேசிக்கினு உள்ள போயிடுவான்.

இனிமே எழுதப் போறதை உட்கார்ந்துகிட்டுப் படிங்க. போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலைல வயல்ல பனி. பங்குனியிலகூட பனி! கை வெச்சா இலையெல்லாம் சில்லுன்னு கீது. நாலு பழைய தகர டிரம்மைக் கொண்டாந்து வயலைச் சுத்தி வெச்சேன். தென்னமட்டை, வைக்கோல் எல்லாம் போட்டுக் கொளுத்தினேன். காத்துல சூடு ஏறினா பனி காயும், பனி காஞ்சா பூஞ்சை நுழையாது. கணக்கு சரியாத்தான் இருந்துது. வைக்கோல்தான் ஈரம். பத்திக்காம புகைஞ்சுது. அது எப்பேர்ப்பட்ட புகைன்னா, எதுக்க நிக்கற ரத்னா குரல்தான் கேட்டுது, ஆளு தெரியலை. அந்தப் புகை நேரா மேல போயிருந்தா நான் இந்தக் கடிதாசியே எழுத வேண்டியதில்ல. காத்து திரும்புச்சு. அத்தனை புகையும் பக்கத்துக் கம்பெனிச் சுவர்ல காத்து உள்ள இழுக்கற ஓட்டை கீதே, அதுக்குள்ள போயிடுச்சு. அது எந்தக் கம்பெனின்னு நான் சொல்லத் தேவையில்ல. விமலும் காவேரியும் வேலை செய்யற கம்பெனிதான்.

உள்ள மணி அடிச்சுது. ஊளையிட்டுது. எல்லா லைனும் நின்னுடுச்சு. நான் வாழ்க்கையில எத்தனையோ தடவை லைனை நிறுத்தியிருக்கேன், ஆனா அடுத்தவன் கம்பெனியில, அதுவும் சுவருக்கு வெளிய நின்னுக்கினு நிறுத்தினது இதான் முதல் தடவை. ஷிப்ட்ல இருந்த அத்தனை பேரும் வரிசையா வந்து மைதானத்துல நிக்கறாங்க. தீயணைப்பு வண்டி ரெண்டு வந்துடுச்சு. ஆளுங்களை எண்ணிச் சரிபார்க்கறது யாருன்னா நம்ம காவேரி. அவதான் அந்தப் பகுதிக்குப் பாதுகாப்புப் பொறுப்பு, பச்சை சட்டை போட்டுக்கினு கையில மைக்கோட நிக்கறா. செக்யூரிட்டி ஆளுங்க என் ரெண்டு கையையும் புடிச்சு அவ முன்னாடியே கொண்டுபோய் நிறுத்தினாங்க. என் மூஞ்சி பூரா கரி. "இவருதான் மேடம், நெருப்பு வெச்சவரு"ன்னான் ஒருத்தன்.

காவேரி என்னை மேலேருந்து கீழ பார்த்தா. மைக் ஆன்லயே கீது. "என்ன மாமா இப்படிப் பண்ணிட்டிய!" அப்டின்னா. மைதானம் பூரா கேட்டுது. தூரத்துல ஒரு வரிசையில விமல் தலையைக் குனிஞ்சுக்கினு ஷூ கயித்தைக் கட்டற மாதிரி உட்கார்ந்துட்டான். அவன் ஷூவுல கயிறு கிடையாது சம்பந்தி.

நல்ல வேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. மேனேஜர் நல்ல மனுஷன், இனிமே பண்ணாதீங்க பெரியவரேன்னு சொல்லி விட்டுட்டார். ஆனா எதனால மணி அடிச்சுதுன்னு காவேரிதான் அறிக்கை எழுதணுமாம். சொந்த மாமனார் பேரை அவ கையாலயே எழுதியிருக்கா. அந்தப் புள்ளைக்கு எவ்வளவு அவமானம்! அன்னிக்கு சாயங்காலம் விமல் சாப்பிட்டுட்டு வாசல்ல நின்னு போன்ல, "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. அப்பா கிட்ட நான் ஒண்ணும் சொல்லிக்கல" அப்டிங்கறான். லாரிக்காரன்தான். வேற யாரு? திங்கக்கிழமை காலைல காவேரி ஒரு பையைத் தூக்கிக்கினு வந்தா. "மாமா, நான் கொஞ்ச நாளைக்கு சுங்குவார்சத்திரத்துல இருக்கப் போறேன். செந்தாமரை ரூம்ல"ன்னா. செந்தாமரை அவ கூட வேலை பாக்கற பொண்ணு. ஏம்மான்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கினு கேக்கறது? போயிட்டு வாம்மான்னேன். அவ செருப்பைப் போட்டுக்கினு போனா. ரத்னாவைக் கேட்டா, "போனவ வருவா, நீங்க சும்மா இருங்க"ங்கறா. விமல்கிட்ட கேக்க பயம்.

ஆச்சு, சொல்லிட்டேன். உங்க பொண்ணு எங்க வூட்டுல இல்ல. என்னாலதான் இல்ல. இலையில வந்த ஒரு புள்ளி இப்ப வூட்டு மேல வந்துடுச்சு. அன்னிக்குலேருந்து நான் வயல் பக்கமே போகலை. இப்ப வெயில் கொளுத்துது, முப்பத்தேழு முப்பத்தெட்டுன்னு டிவியில சொல்றாங்க, ஊரே புலம்புது. எனக்குன்னு வரும்போது கடவுள் லேட்டாத்தான் ஓவனைப் பத்த வெக்கறார். இனிமே வெயில் வந்து என்ன, பயிர் மிச்சம் இருந்தாத்தானே. நான் முடிவு பண்ணிட்டேன் சம்பந்தி. நிலத்தை விமல் இஷ்டப்படி லாரிக்கே குடுத்துடட்டும். எனக்கு விவசாயம் வேணாம், புள்ளைங்க ஒண்ணா இருந்தா போதும். நீங்க ஒரு நடை வந்து காவேரிகிட்ட சொல்லணும். மாமா இனிமே ஒரு தீக்குச்சியைக்கூடத் தொட மாட்டார்னு நான் சொன்னதாச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா. உங்க விதையை நான் காப்பாத்தலை, அதுக்கு மன்னிப்பு கேக்கறேன். நான் பார்த்துக்கறேன்னு உங்ககிட்ட வாங்கின பொண்ணையும் சரியாப் பாத்துக்கலை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கத்தையும் ரத்னாவின் அன்பையும் தெரிவிக்கவும். தங்கள் தோட்டத்துக் கடலையும் எள்ளும் எந்தப் புள்ளியும் இல்லாமல் விளைந்து, தங்கள் வீட்டில் எப்போதும் நிறைவு இருக்க வேண்டுமென்று மனதார வேண்டும்,

தங்கள் சம்பந்தி,
ஏகாம்பரநாதன்

பின்குறிப்பு: மேலே எழுதினதுல என் கையெழுத்தைத் தவிர எதையும் நம்பாதீங்க. மை காயறதுக்குள்ள காவேரி பஸ்ல வந்து இறங்கிட்டா. அழுக்குத் துணிப் பையைத் திண்டு மேல வீசிட்டு, "யாருக்கு மாமா இவ்வளவு நீளமா எழுதுதிய?"ன்னு கேட்டா. அவ கோச்சுக்கினு போகவே இல்லையாம். சுங்குவார்சத்திரத்துல இவங்க கம்பெனியோட இன்னொரு பிளான்ட்ல டிரெய்னிங்காம், விடியகாலைல ஷிப்டாம், இங்கேருந்து போக பஸ் இல்லையாம். ஒரு மாசம் முன்னாடியே சாப்பிடும்போது எல்லார்கிட்டயும் சொன்னாளாம். நான் அப்ப காதுல போனை வெச்சுக்கினு வானிலை கேட்டுக்கினு இருந்தேனாம். உங்களுக்கும் தெரியுமாம். தெரியாதவன் நான் ஒருத்தன்தான்.

அவ பின்னாடியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்னுது. லாரிக்காரன்னு நெனச்சு நான் உள்ள போயிட்டேன். வந்தது ஷாரோன் மேடம். விமல் போன்ல பேசினதெல்லாம் அவங்ககிட்டத்தானாம். மணி அடிச்ச மறுநாள் நான் மணிமங்கலம் கோயிலுக்குப் போயிருந்தப்போ, பரண்ல கெடந்த மருந்தை எடுத்து விமலும் காவேரியும் வெயில் ஏறறதுக்கு முன்னாடி வயல் பூரா அடிச்சிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சா குறுக்க வந்து வேற ஏதாவது பண்ணுவேன்னு சொல்லலையாம். எல்லாருமா வயலுக்குப் போனோம். கீழ் இலை போனது போனதுதான். ஆனா மேல புதுசா வந்த இலையில ஒரு புள்ளி இல்ல. ஷாரோன் மேடம் ஒரு செடியைப் பிடுங்கி உதறினாங்க. சம்பந்தி, கொத்துக் கொத்தா தொங்குது! "நோய் வரலன்னா இன்னும் வந்திருக்கும் சார், ஆனா இது மோசமில்ல. நல்லா முத்திடுச்சு"ன்னாங்க. விமல் ஒண்ணை உடைச்சு வாயில போட்டுக்கினு, "நிலம் இருக்கட்டும்பா"ன்னான். அவ்ளோதான் பேசினான். போதும்.

அப்ப இந்தக் கடிதாசியைக் கிழிச்சுடலாம்னு பார்த்தேன். காவேரி புடுங்கிப் படிச்சா. சிரிச்சுக்கினே படிச்சவ கடைசிப் பக்கம் வந்ததும் சிரிக்கலை. மடிச்சு என் கையில குடுத்து, "அனுப்புங்க மாமா. அப்பா படிக்கட்டும்"னா. அதனால அனுப்பறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை புடுங்கப் போறோம், நீங்களும் சம்பந்தியம்மாளும் அவசியம் வந்துடணும்.

இன்னொண்ணு. ஒட்டறதுக்குப் பசை தேடிக்கினு வெளிய வந்தா மேற்கால மானம் கருத்துக்கினு நிக்குது. காத்து சில்லுன்னு அடிக்குது. தெருவுல ஜனங்க கையை விரிச்சுக்கினு சந்தோஷமா நிக்கறாங்க, ரத்னாகூட "அப்பாடா"ங்கறா. எனக்கு ஒரு அப்பாடாவும் இல்ல. இது முப்பதுக்கு வந்துடுச்சா, இருபத்தெட்டா? சம்பந்தி, உங்க பக்கம் வெயில் எப்படி அடிக்குது? நல்லா அடிச்சா இன்னிக்கே கிளம்பி வாங்க, கூடவே அதையும் கூட்டிட்டு வாங்க.